நடுக்குளத்துப் பலகைகள்

மே 1, ஞாயிறு

இது எந்த வருடம் என்று கேட்டால் எனக்கு எண்ணால் சொல்ல வராது. ஊரில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற கிழவர்கள் மயங்கி விழுகிற வருடம். பசளை இல்லாமல் வயல் மஞ்சளாய்ப் போன வருடம். இங்கே, நோர்வேயின் வட அந்தலையில், சனங்கள் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஒருவரையொருவர் புதிதாகப் பார்க்கிற வருடம். கிழக்கே எல்லைக்கு அப்பால் இருக்கிற ரஷ்யா சண்டைக்குப் போய், பெற்றோல் விலையைப் பார்த்து என் மகன் தலையில் கை வைக்கிற வருடம். நான் இங்கு வந்த நாளிலிருந்து கண்டிராத அளவு பனி கொட்டிக் கிடக்கிற வருடம்.

இதை எழுதுகிற சுகிர்தா கொப்பி மட்டையில் 2022 என்று போட்டுவிட்டாளாம்.

நான் நாகமணி. வன்னியில் குளத்து வேலை செய்தவன். மிஞ்சின தண்ணீர் வழிந்து போக வான் வெட்டுவது, வயலுக்கு விடுகிற துருசு மதகைத் திறப்பது, குளக்கட்டில் புற்று அடைப்பது. எழுத்து தெரியாது. நான் சொல்ல மருமகள் சுகிர்தா எழுதுகிறாள். அவள் முள்ளியவளையில் ஆசிரியையாக இருந்தவள். நான் கதைக்கிறபடியே எழுதினால் கை கூசுகிறது என்று திருத்தித்தான் எழுதுவாள். பிரஷர் பார்க்க வருகிற தாதி தொடக்கிவிட்ட வேலை இது. மே மாதத்தில் இங்கே சூரியன் படுக்கப் போவதில்லை. எனக்கும் நித்திரை இல்லை. மனதில் கிடப்பதைச் சொல்லி எழுதுவித்தால் நித்திரை வரும் என்றாளாம்.

"எதைப் பற்றிச் சொல்லப் போறியள் மாமா?" என்றாள் சுகிர்தா.

தண்ணீரைப் பற்றி என்றேன். வேறு எனக்கு என்ன தெரியும்.

மே 3, செவ்வாய்

வீட்டுக்குப் பின்னால் ஆறு. ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஒரு குளம். அதற்கு மேலே ஒரு ஓடை, பிறகு இன்னொரு குளம். அதற்கும் மேலே, மலைத் தோளில், பெரியது ஒன்று. கீழ்க்குளம், நடுக்குளம், மேல்குளம் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். இவர்கள் வைத்த பெயர்கள் என் நாக்கில் நிற்பதில்லை.

எங்கள் பக்கத்திலும் குளங்கள் இப்படித்தான் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும். மேலது நிரம்பி வான் பாய்ந்தால் கீழது நிரம்பும். ஆனால் அவை மனிதர் கட்டியவை. எது எவ்வளவு தாங்கும் என்று கட்டினவனுக்குத் தெரியும். இவற்றை ஒருவரும் கட்டவில்லை. அண்டைவீட்டு ஒட்வார் சொல்வார், இது மூன்று குளமே இல்லை, ஒரே ஆறு, களைத்த இடங்களில் படுத்துக்கொள்கிறது என்று. கோடையில் மீன்கூட ஓடை வழியே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய் வருகிறது.

மாரியில்தான் எனக்குப் பிடிக்காது. மேலே என் கை நீளத்துக்கு ஐஸ் மூடிவிடும். அடியில் தண்ணீர் நிற்காது. மேல்குளத்திலிருந்து நடுக்குளத்துக்கு, அங்கிருந்து கீழே, இருட்டில் நடந்துகொண்டே இருக்கும். ஓடை வாயில் காது வைத்தால் பனிக்கு அடியில் சத்தம் கேட்கும். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரோடு எண்பது வருடம் பழகினவனுக்கு, மூடிக்குள் நடக்கிற தண்ணீர் நல்லதாகப் படவில்லை.

மே 5, வியாழன்

வெயில். மழைக்கு வெள்ளம் வருவதைத்தான் நான் அறிவேன். இங்கே மப்புக் கட்டினால் ஆறு அடங்கிக் கிடக்கிறது, வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தால் ஆறு ஏறுகிறது. வெயில் மலையில் கிடக்கும் பனியைத் தண்ணீராக்கி அனுப்புகிறது. இன்று எல்லோரும் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு கதிரை போட்டு இருக்கிறார்கள். நான் மட்டும் ஆற்றுப் பக்கம் திரும்பி இருக்கிறேன்.

மகன் தவேந்திரன் மீன் தொழிற்சாலையால் வந்து சப்பாத்துக் கழற்றமுன்னமே சொன்னேன், மேல்குளத்தில் இந்த முறை பனி கூடுதல், நடுக்குளம் தாங்காது, நடுக்குளம் போனால் கீழ்க்குளம், கீழ்க்குளம் போனால் இந்த வீடு. சின்ன வயதில் மார்கழி வெள்ளத்தில் ஒரு மேல்குளம் உடைந்ததை நான் கண்டவன்.

"ஐயா, இது வன்னி இல்லை," என்றான்.

"தண்ணிக்கு ஊர் தெரியுமோடா?"

அவனோடு வேலை செய்கிற ரட்ணமும் வந்திருந்தான். வாய்க்காரன். "பெரியவர் வந்து பதினொரு வருஷம். ஒவ்வொரு மேயும் வெள்ளம் வருது எண்டுதான் சொல்லுறார். இதுவரைக்கும் அவரின்ரை மூக்காலை மட்டும்தான் வந்தது."

சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன், எழுதுகிறாள்.

மே 7, சனி

நடுக்குளம் தண்ணீர் வெளியேறுகிற வாயில் ஒட்வாரின் தகப்பன் ஒரு மர அணை போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் பலகை அரிகிற சில்லு சுற்றுவதற்கு. இரண்டு பக்கமும் கல்லுத் தூண், தூணில் நெடுக வெட்டின காடி, காடிக்குள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பலகைகள். சில்லு போய்விட்டது. மாரியில் மீனுக்கு ஆழம் வேண்டும் என்று ஒட்வார் பலகைகளை மட்டும் விட்டு வைத்திருக்கிறார். ஐஸ் முழுக்கப் போன பிறகு, ஆனியில்தான் கழற்றுவார். முதல்முறை அதைப் பார்த்தபோது இருவரும் பாஷை தெரியாமலே அரைநாள் கைகாட்டிக் கதைத்தோம்.

இப்போது அவர் ஊரில் இல்லை. இடுப்பு எலும்பு மாற்றத் தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

இன்று அணை வரை நடந்து போனேன். வாயில் ஐஸ் விலகியிருக்கிறது. மேல் பலகையின் விளிம்பைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருக்கிறது. பலகைகள் பழையவை.

தவேந்திரனுக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான் இந்த வீட்டில். மூன்று பேரும் ஆற்றங்கரையில் படுக்கிறோம்.

மே 8, ஞாயிறு

நடந்தேன். வந்து சுடுதண்ணீர் கேட்டேன். கை மரத்துவிட்டது.

[கை மட்டும் அல்ல. இரண்டு ஜாக்கெட் கைகளும் தோள் வரை நனைந்திருந்தன. கேட்டதற்குப் பனியில் விழுந்தேன் என்றார். – சு.]

மே 9, திங்கள்

நன்றாக நித்திரை கொண்டேன். ஆற்றின் சத்தம் மாறியிருக்கிறது. தொண்டை கட்டினவனுக்குத் தொண்டை திறந்ததுபோல. தண்ணீர் போகவேண்டிய வழியில் போனால் பயம் இல்லை.

சுகிர்தா மீன்குழம்பும் பிட்டும் தந்தாள். இரண்டாம் முறையும் வாங்கினேன்.

மே 11, புதன்

ஒட்வார் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தார். இடுப்பு நல்லபடி முடிந்ததாம். சுகிர்தா ஒலிபெருக்கியில் போட்டு, அவர் சொல்வதைத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாடு சரியில்லையாம், பக்கத்துக் கட்டில்காரன் குறட்டையாம்.

பிறகு தவேந்திரனைப் பற்றிக் கேட்டார். வழக்கம்போல நடுக்குளத்துக்குத் தூண்டிலோடு போவானா என்று. போவான், வார்ற சனி, ரட்ணமும் அவனும், என்றாள். இந்த மாதம் ஐஸில் துளை போட்டுச் சிவந்த வயிற்று மீன் பிடிப்பது இங்கே எல்லோருக்கும் பைத்தியம். ஒட்வார் சொன்னார், போகட்டும், என் பலகைகள் நிற்கும்வரை அந்தக் குளத்து ஐஸை நம்பலாம். ஐஸ் தண்ணீருக்கு மேல் படுத்திருக்கிறது, தண்ணீர்தான் அதைத் தாங்குகிறது. தண்ணீரை அடியால் இறக்கினால் நடு ஐஸ் தாழ்ந்துபோகும், கரையோரத்து ஐஸ் கல்லைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும், கீழே வெறும் பொந்து. மேலே பனி மூடிக் கிடப்பதால் ஒன்றும் தெரியாது. மின்சாரத்துக்காகத் தண்ணீர் இறக்குகிற ஏரிகளில் இப்படித்தான் ஆட்கள் விழுந்து சாகிறார்கள். நடுக்குளத்தில் அந்தக் கரைச்சல் இல்லை.

சுகிர்தா இதைச் சிரித்தபடிதான் சொன்னாள். இடையில் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

எங்கள் ஊரில் தண்ணீர் ஏறினால் ஆபத்து. இறங்கினால் ஆபத்து என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

[மாமா இங்கே நிறுத்திவிட்டார். தேத்தண்ணீர் குடிக்கவில்லை. – சு.]

மே 12, வியாழன்

இன்று சொல்ல ஒன்றும் இல்லை.

மே 13, வெள்ளி

நடந்தேன்.

பலகையைக் காடியிலிருந்து எடுப்பது லேசு. ஆப்பைத் தட்டினால், ஒரு கொக்கித் தடி இருந்தால், கிழவனும் எடுப்பான். ஓடுகிற தண்ணீரில் அதைத் திரும்ப இறக்குவது நாலு ஆளின் வேலை. தண்ணீர் பலகையைப் பறித்துக்கொண்டு போய்விடும். போனால் கீழ்க்குளத்து ஐஸுக்கு அடியில் போய் நிற்கும். இதைக் குளத்து வேலை செய்த எல்லோரும் அறிவார்கள்.

[ஏன் இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். சும்மா, பழைய ஞாபகம் என்றார். வலது கை நடுவிரல் நகம் கறுத்திருக்கிறது. கதவில் நெரிந்ததாம். – சு.]

மே 14, சனி

விடியவே இரண்டு பேரும் சறுக்குச் சப்பாத்தும் சாமானுமாக முற்றத்தில் நின்றார்கள். நான் குசினிக் கதிரையில் இருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

மகன் தூண்டில் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். வாகனம் வந்தது. நெஞ்சில் வயர் ஒட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள். அவன் என் பக்கத்தில் இருந்து முழுநாளும் என் கையைப் பிடித்திருந்தான். மீன் வாசம் போகாத கை. அந்தக் கையை விடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே நோகிறது நோகிறது என்றேன்.

பின்னேரம் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ரட்ணம் வாசலில் நின்றான். "பெரியவரின்ரை நெஞ்சு நல்ல தேக்கு. எங்கடை சனிக்கிழமைதான் செத்துப்போச்சு," என்றான். அடுத்த சனி போகலாம் என்று மகன் சொன்னான்.

அடுத்த சனி.

மே 17, செவ்வாய்

இந்த நாட்டின் கொடி நாள். மகன் கோட்டு சூட்டுப் போட்டான், சுகிர்தா பட்டுச் சேலைக்கு மேல் தடித்த ஜாக்கெட். ஊர்வலத்தில் பிள்ளைகள் கொடி பிடித்துக் கத்திக்கொண்டு போனார்கள். இந்தக் குளிரிலும் எல்லோரும் ஐஸ்கிறீம் குடித்தார்கள். எனக்கும் ஒன்று வாங்கித் தந்தான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். தம்பி, உன்னோடு ஒரு கதை இருக்கு என்றேன். அந்த நேரம் பார்த்துப் பெரிய மேளத்தோடு வாத்தியக்காரர் வந்தார்கள். அவன் குனிந்து காதைத் தந்தான், கேட்கவில்லை. "பிறகு சொல்லுங்கோ ஐயா," என்று என் முதுகில் தட்டினான்.

அந்த மேளத்துக்கு நான் நன்றி சொன்னேன். அதையும் எழுது பிள்ளை.

[என்ன கதை என்று கேட்டேன். காசு விஷயம் என்றார். மாமா ஒருநாளும் காசு விஷயம் கதைத்ததில்லை. – சு.]

மே 19, வியாழன்

வெயில். ஓடை ஆடி மாதத்துச் சந்தைபோல இரைகிறது. மேல்குளத்துத் தண்ணீர் எல்லாம் நடுக்குளத்துக்கு வந்து, நிற்காமல் போகிறது.

சனிக்கிழமை வைகாசி ஏழு, கரிநாள், ஒரு காரியமும் தொடங்கக் கூடாது என்று மகனிடம் சொன்னேன்.

"நோர்வே மீனுக்குக் கரிநாள் தெரியாது ஐயா," என்றான்.

பின்னேரம் அவனுடைய ஐஸ் துளைக்கிற துறப்பணத்தைக் காணவில்லை. எல்லோரும் தேடினார்கள். நானும் தேடினேன். விறகுக் கொட்டிலில் மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. தன்னிடம் இரண்டு இருக்கிறது என்று ரட்ணம் சொல்லிவிட்டான்.

மே 20, வெள்ளி

நாளைக்கு விடியமுன் எழும்பி வாசலில் இருப்பேன். அவன் வெளியே வர என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். அப்போது சொல்வேன்.

[எதை என்று இரண்டு முறை கேட்டேன். – சு.]

மே 22, ஞாயிறு

இன்று எழுதுவது ரட்ணம். சுகிர்தா ஆஸ்பத்திரியில். நேற்று யாரும் எழுதவில்லை. உள்ளது உள்ளபடி எழுது, பகிடி வேண்டாம் என்று இவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

எத்தனையோ இரவு வராத நித்திரை நேற்று விடியப்புறம் வந்தது. கண் விழிக்க வாசலில் சறுக்குச் சப்பாத்து இல்லை. குசினியில் சுகிர்தா பாண் வெட்டிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, நடுக்குளத்துப் பலகை ரெண்டு நான் எடுத்திட்டன்."

அவள் கத்தி நின்றது. "எப்ப?"

"கை நனைஞ்ச அண்டைக்கு."

ஒட்வார் சொன்னதைத் தமிழாக்கினவள் அவள்தானே. வேறு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மகனுக்குத் தொலைபேசி அடித்தாள், ரட்ணத்துக்கும் அடித்தாள். குளத்து மேட்டுக்குப் பின்னால் தொலைபேசி எடுக்காது. உடனே ஆபத்து எண்ணுக்கு அடித்து, குளத்தின் பெயரைச் சொல்லி, ஆட்கள் ஐஸில் நிற்கிறார்கள், தண்ணீர் இறக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னாள். இன்னும் விழவில்லையே என்று கேட்டார்களாம். விழுவதற்கு முதல் வாருங்கள் என்றாளாம். என்னையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தாள்.

அழவில்லை, ஏசவில்லை. பாதி வழியில் ஒன்று சொன்னாள். "கை நனைஞ்சது எண்டு எழுதினது நான்தான் மாமா. நகம் கறுத்தது எண்டு எழுதினதும் நான்தான்."

தெரு முடிகிற இடத்திலிருந்து பனியில் ஏற வேண்டும். அவள் முன்னால் ஓடிவிட்டாள். என் கால் முழங்கால் வரை புதைந்தது. மேட்டில் ஏறி நிற்கக் குளம் தெரிந்தது. நடு ஐஸ் தாழ்ந்து, கயிறு தளர்ந்த கட்டில்போலப் பள்ளமாய்க் கிடந்தது. எட்ட நின்று பார்த்தால்தான் அது தெரியும். கரைக்குக் கிட்ட நின்றால் வெறும் பனி.

கரையோரத்தில் ரட்ணம் குப்புறப் படுத்திருந்தான். இவனுக்கு முன்னால் ஒரு கறுத்த ஓட்டை. மகனைக் காணவில்லை.

இவன் சொல்கிறான், எழுதட்டும்: போகும்போது நல்லபடிதான் போனோம். அதிகாலையில் குளிருக்கு எல்லாம் இறுகியிருந்தது. மீன் பிடித்து, வெயில் ஏறத் திரும்பினோம். தவேந்திரன் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு முன்னால். கரைக்கு ஐந்தாறு ஆள் நீளம் இருக்க, ஒரு சத்தமும் இல்லாமல் ஆள் இல்லை. எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு அறை. மேலே ஐஸ் கூரை, கீழே நெஞ்சளவு தண்ணீர், அதில் தவம் நிற்கிறான். கயிறு எறிந்தேன், பிடித்தான். இழுக்க இழுக்க விளிம்பு உடைந்து அவன் மேலேயே விழுந்தது. பிறகு விரல் மடங்கவில்லை என்றான். கயிற்றை அக்குளுக்குள் விட்டு இறுக்கிக்கொண்டு நின்றான். மேல்குளத்திலிருந்து வருகிற தண்ணீர் காலை இழுத்துக்கொண்டே இருந்ததாம், அணை வாய்ப் பக்கம், நீங்கள் பலகை எடுத்த பக்கம்.

சுகிர்தா போய் ரட்ணத்தின் கால்களைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். நான் கிட்ட வரக் கையைக் காட்டித் தடுத்தாள். ஆகையால் நான் கரையில் நின்றேன். ஓட்டைக்குள்ளே அவன் என்னவோ சொன்னான், பிறகு சொல்வது நின்றது. கயிறு இவன் கையில் பாரமாய்த் தொங்கியது. சுகிர்தா அவனுடைய பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, அவன் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வேன்.

ஹெலிகொப்டர் மலைக்கு மேலால் வந்தது. ஊரில் அந்தச் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடினவன் நான். நேற்று அதன் கீழே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அவனைத் தூக்கும்போது கை கால் ஆடவில்லை. முகம் மீனின் வயிற்று நிறம்.

மே 24, செவ்வாய்

இன்றும் ரட்ணம்.

உயிர் இருக்கிறது. இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கித் திரும்ப உள்ளே விடுகிறார்களாம். கண் திறக்கவில்லை.

அவளுடைய அந்தத் தொலைபேசி இல்லாவிட்டால் ஹெலிகொப்டர் வந்திராது, தானும் கயிற்றை விட்டிருப்பேன் என்று ரட்ணம் சொல்கிறான். என்னை ஆறுதல்படுத்தச் சொல்கிறான். எனக்குக் கணக்கு வேறு மாதிரி வருகிறது. பதினோராம் தேதியே நான் வாயைத் திறந்திருந்தால் தொலைபேசியும் வேண்டாம், கயிறும் வேண்டாம்.

சுகிர்தா உடுப்பு மாற்ற வந்தாள். எனக்கு முன்னால் சோற்றை வைத்தாள். நான் சாப்பிடும்வரை நின்றாள். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ஒட்வார் எடுத்தார். ரட்ணம்தான் தமிழில் சொன்னான். நடந்த எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார், "என் அணையில் இனிக் கை வைக்காதே நாகமணி." சரி என்றேன். அந்த ஒரு நோர்வேச் சொல் எனக்குத் தெரியும்.

மே 25, புதன்

மழை. ஆறு அடங்கிக் கிடக்கிறது. ரட்ணம் வேலைக்குப் போகமுன் வந்து இதை எழுதுகிறான். ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றும் வரவில்லை. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். அது அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

மே 29, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன். சுகிர்தா வெளியே நடைகூடத்தில் போட்ட நீள வாங்கில் நித்திரை. ஒரு கிழமைக்குப் பிறகு கொள்கிற நித்திரை.

இன்று எழுதுவது மகன். மூன்று நாளாகக் கண் திறந்து கதைக்கிறான். இடக்காலில் இரண்டு விரல் போய்விட்டது. வலக்கையில் கட்டு இல்லை, ஆனால் பேனை நழுவுகிறது. நீ எழுத வேண்டாம் என்றேன். கொப்பியைச் சுகிர்தாவின் பையிலிருந்து தானே எடுத்தான். முழுவதையும் வாசித்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது.

துறப்பணம் விறகுக் கொட்டிலிலா என்று கேட்டான். ஓம் என்றேன். சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது.

பிறகு கேட்டான். "ஏன் ஐயா அந்தப் பலகையிலை கை வைச்சனீங்கள்? பயம் எண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான். நீ சிரிச்சனீ."

"அதுக்குப் பிறகு? ஒட்வார் சொன்னதுக்குப் பிறகு?"

உன் முகத்தில் என்னைப் பற்றி என்ன வரும் என்று பயந்தேன் என்று சொல்லலாம். அது சின்னப் பதில். அவன் பேனையோடு காத்திருந்தான். எனக்குக் கோவம் வரவில்லை ஐயா, விளங்கவேணும், அவ்வளவுதான் என்றான்.

"அப்ப நான் சொல்லுற பேரை எழுது," என்றேன். இவன் அறிந்த பெயர்கள்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

மார்கழி வெள்ளத்தில் மேல்குளம் உடைந்தபோது என் தகப்பன் சின்னக்குட்டி. வான் அடைபட்டுக் கிடக்கிறது, விடிய வெட்டுவோம் என்று படுத்தவர். தங்கச்சி தெய்வானை, ஆறு வயது, என் கையிலிருந்து போனவள். அந்த இரவுக்குப் பிறகு, தண்ணீர் ஏறக் கண்டால் விடியும்வரை பார்த்திருக்க என்னால் முடியாது.

உன் மூத்த அண்ணன் மகேசன். சண்டைக்குப் போனான், உடல் வரவில்லை.

உன் அக்கா புவனம், அவளுடைய கைக்குழந்தை. பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லை என்று எழுது. இருவரும் கடைசிச் சண்டையில், ஒரே குழியில். மூடினது நான்.

உன் அம்மா செல்லாச்சி. முகாமில், காய்ச்சலில்.

இந்தப் பெயரை எழுதும்போது பேனையை இரண்டு முறை வைத்து எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே இன்றைக்கும் வெயில். மலையில் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் செய்வதற்கில்லை, அது தன் வழியில் வரும்.

"முடிஞ்சுதோ?" என்றான்.

"செத்த ஆக்கள் முடிஞ்சுது. மிஞ்சி இருக்கிற ஒரு ஆளையும் எழுது. அதுதான் நீ கேட்டதுக்குப் பதில்."

"என்ரை பேரை நானே எழுதுறதோ ஐயா?"

"எழுது."

நாகமணி தவேந்திரன்.